மாமாவின் எல்லைக் கற்கள்: முத்தையன்கட்டில் நான்கு நாட்கள்

முதலாம் நாள், சனி

"வேறொன்றும் கொண்டுவர வேண்டாம், தம்பி. சின்ன டின் ஒன்றில் சிவப்புப் பெயின்ட் மட்டும் வாங்கி வாருங்கள்."

மருமகனாகி 15 ஆண்டுகள் ஆகின்றன. மாமா வாய்திறந்து என்னிடம் கேட்ட முதல் பொருள் இதுதான். எதற்கென்று நான் கேட்கவில்லை. மாமனார் கேட்டால் மருமகன் வாங்கிக் கொடுப்பான், காரணம் விசாரிக்க மாட்டான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளவத்தையில் ஒரு டின் வாங்கி, மூன்று பொலித்தீன் பைகளில் சுற்றி, கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து மாங்குளம் வரை என் இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்தேன். ரயிலில் கால் நீட்டாமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பதை நேற்றுவரை நான் அறிந்திருக்கவில்லை.

பெட்டியில் நெரிசல். மடு மாதாவின் திருவிழா ஆகஸ்ட் 15ஆம் திகதி என்பதால் பாதிப் பேர் யாத்திரிகர்கள். பாயும் தலையணையும் சோற்றுப் பானையுமாக ஏறியவர்கள் மதவாச்சியில் இறங்கிய பிறகுதான் மகனுக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

வவுனியா தாண்டினால் ஓமந்தை. அந்த இடம் வரும்போது என் மனைவியின் கை தானாகக் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடும். இன்றும் போனது. சோதனைச் சாவடி இருந்த காலத்தில் வரிசையில் நின்று பழகிய கை. மகளுக்கு 13 வயது. அவளுக்கு ஓமந்தை என்றால் ஒரு ரயில் நிலையப் பெயர்ப்பலகை. "அம்மா, எதைத் தேடுகிறீர்கள்?" என்றாள். "ஒன்றுமில்லை, டிக்கெட்" என்றாள் இவள். டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது.

உள்நாட்டுப் போரால் இந்தத் தண்டவாளத்தில் 1990க்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் வடக்கே ரயில் போகவில்லை. தண்டவாளத்தையே பெயர்த்துப் பதுங்குகுழிக்குக் கூரை போட்டார்கள். 2013இல் கிளிநொச்சிவரையும், மறு ஆண்டு யாழ்ப்பாணம்வரையும் மீண்டும் ஓடத் தொடங்கியது. நான் யாழ்ப்பாணத்தான். திருமணமான புதிதில், காட்டுக்குள் பெண் எடுத்தவன் என்று உறவினர்கள் என்னைக் கேலி செய்வார்கள். இப்போது அவர்களே மாமி கொடுத்துவிடும் அரிசிக்கும் தேனுக்கும் வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

மாங்குளத்தில் இறங்கியதும் மகன் முகத்தைத் தூக்கினான். முறிகண்டிப் பிள்ளையாரடிக் கச்சான் கடலை வேண்டுமாம். முறிகண்டி இன்னும் வடக்கே இருக்கிறது, நாங்கள் கிழக்கே திரும்ப வேண்டும் என்று வரைபடம் காட்டி விளக்கினேன். எட்டு வயதுக்காரனுக்குப் புவியியல் கச்சானாகுமா?

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மாமாவின் முத்தையன்கட்டுக்குப் பக்கத்து ஒட்டுசுட்டான் இடையில் வருகிறது. பாலையும் வீரையும் முதிரையும் இரு மருங்கும் நிற்க, பஸ் ஆட்டி ஆட்டிக் கொண்டுபோய் இறக்கியது. வர வேண்டாம் என்று நூறு தடவை சொல்லியும் மாமா சந்தியில் சைக்கிளோடு நின்றிருந்தார். 75 வயது. நாங்கள் ஆட்டோவில் ஏற, அவர் முன்னால் சைக்கிளில் போனார். ஆட்டோக்காரர் அவரை முந்தவில்லை. "ஐயாவை எப்படி முந்துவது?" என்றார்.

மாமி முற்றத்துக்கு வந்து என்னைப் பார்த்து, "மெலிந்துவிட்டீர்கள் தம்பி" என்றார். போன முறையைவிட நான்கு கிலோ கூடியிருக்கிறேன். சிவப்பரிசிச் சோறு, விரால் குழம்பு, முருங்கையிலை வறை, சட்டித் தயிர். மறுப்பவன் மருமகன் அல்ல. இரவு மாமாவும் நானும் விறாந்தையில் இருந்து எதிரெதிரே சர்க்கரை மாத்திரை விழுங்கினோம். அவருடைய கிளினிக் கொப்பி என்னுடையதைவிட ஒழுங்காக இருந்தது.

தொலைபேசி அலை கிணற்றுக் கட்டில் ஏறி நின்றால்தான் வருகிறது. அங்கே நின்றுதான் இதை அனுப்புகிறேன். தவளைகளின் சத்தம் காதை அடைக்கிறது.

இரண்டாம் நாள், ஞாயிறு

மயில் அலறி எழுப்பியது. மயில் அகவும் என்று பாடப்புத்தகத்தில் எழுதியவர் வன்னியில் ஒரு காலைப்பொழுது தூங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

இடியப்பத்துக்கு நடுவில் மாமா குரங்குக் கணக்கெடுப்புக் கதையைச் சொன்னார். 2025 மார்ச் 15ஆம் திகதி, நாடு முழுவதும், காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்துவரை, தத்தம் காணியில் நிற்கும் குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் எண்ணி எழுதும்படி அரசாங்கம் கேட்டிருந்தது அல்லவா? மாமா படிவத்தோடும் பேனாவோடும் ஏழே முக்காலுக்கே தென்னைக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். எட்டு ஐந்துவரை ஒரு குரங்கும் இல்லை. உண்மையை எழுத வேண்டும் என்பதால் பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டார். எட்டரைக்கு முப்பதுக்குக் குறையாமல் வந்து இளநீர்க் குலையைக் குதறிவிட்டுப் போயினவாம். "அவற்றுக்கும் யாரோ நேரம் சொல்லியிருக்கிறார்கள்" என்றார், சிரிக்காமல்.

சாப்பிட்டு முடித்ததும் பெயின்ட் டின்னைக் கேட்டார். தூரிகை, மண்வெட்டி, கத்தி. மகளிடம், "பிள்ளை, உன் பள்ளிக்கூடக் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வா" என்றார். போனில் படமெடுக்கலாமே என்றாள் அவள். "போன் கிணற்றுக்குள் விழும்" என்றார். நேற்றிரவு நான் கிணற்றுக் கட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறார் போலும்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. காணிக்கு ஐந்து எல்லைக் கற்கள். அவை எங்கே இருக்கின்றன என்பது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மைத்துனர் கனடாவில். அடுத்த காணிக்காரர் போன வருடம் காலமாகிவிட்டார். ஆகவே எங்களுக்கு இன்று பாடம்.

மாமா வடமராட்சியில் பிறந்தவர். 1971இல், 21 வயதில், படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர்களுக்குக் காணி கொடுத்த வாலிபர் திட்டத்தில் மூன்று ஏக்கர் பெற்று முத்தையன்கட்டுக்கு வந்தார். நல்ல நேரத்தில் வந்திருக்கிறார். 1970இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் வன்னியில் செத்தல் மிளகாய் பொன்னானது. குளத்து வாய்க்காலிலிருந்து இயந்திரத்தால் நீர் இறைத்து, காடு வெட்டிய புதுமண்ணில் மிளகாய் நட்டார்கள்.

"முற்றம் முழுக்கச் சிவப்பு. தும்மாமல் வீட்டுக்குள் போக முடியாது" என்றார் மாமா. "லொறி வளவுக்குள்ளேயே வரும். ஊரில் என்னை வேலையில்லாதவன் என்று சொன்ன பெரியப்பா, செத்தல் கேட்டுக் கடிதம் எழுதினார்."

"அனுப்பினீர்களா?" என்று மகள் கேட்டாள்.

"அனுப்பினேன். காம்பு நீக்காமல்."

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. கப்பலில் வந்த மிளகாயின் விலைக்கு முன்னால் முற்றத்துச் சிவப்பு எடுபடவில்லை. பலர் ஊருக்குத் திரும்பினார்கள். மாமா அடுத்த ஆண்டு மாமியைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "தென்னை வைத்திருந்தேன்" என்பதுதான் பதில்.

அந்தத் தென்னைகள் இப்போது இல்லை. 2008 மார்கழியில் இந்த வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நகர்ந்து நகர்ந்து, கடைசியில் செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாமி இதை ஊர்ப் பெயர்களாக மட்டும்தான் சொல்வார், பஸ் நடத்துநர் தரிப்பிடம் சொல்வதைப் போல. அதற்குமேல் நாங்களும் கேட்பதில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை. தென்னைகள் வட்டின்றி நின்றன. பின் எல்லையைக் குறுக்கறுத்துக்கொண்டு ஆளுயர மண் அணை ஓடியது. மிதிவெடி அகற்றுபவர்கள் வேலை முடித்துப் போகும்வரை அந்தப் பக்கம் கால் வைக்க விடவில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் தவணை தவணையாகக் கிடைத்த ஐந்தரை லட்சத்தோடு சொந்தப் பணமும் போட்டுக் கட்டியதுதான் இப்போதைய வீடு. விறாந்தை மட்டும் திட்டத்தில் இல்லை. "மழைக்கு ஒதுங்க வருபவரை உள்ளே எப்படிக் கூப்பிடுவது, வெளியே எப்படி நிறுத்துவது?" என்று மாமா தனியாகச் சேர்த்தது.

முதல் மூன்று கற்கள் எளிதாகக் கிடைத்தன. ஒன்று வேலியடியில், ஒன்று வாய்க்கால் கரையில், ஒன்று முதிரையின் வேருக்குள் பாதி விழுங்கப்பட்டு. மாமா குந்தியிருந்து ஒவ்வொன்றின் தலைக்கும் சிவப்புப் பூசினார். இரண்டாவது கல்லில் மாமி வந்து பிடித்தார்.

"இதென்ன சிவப்பு? வெள்ளை கிடைக்கவில்லையா? மிதிவெடி என்றல்லவா ஆட்கள் நினைப்பார்கள்!"

இங்கே சிவப்பு பூசிய கட்டை என்றால் அதைத் தாண்டாதே என்று அர்த்தம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கு முன்பே அதைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

"நினைக்கட்டும்" என்றார் மாமா, தூரிகையை எடுக்காமலே. "அதற்காகத்தான் சிவப்பு."

மாமி என்னைப் பார்த்தார். வாங்கி வந்தவன் நான்தானே. நான் முதிரை மரத்தைப் பார்த்தேன்.

நான்காவது கல்தான் சிக்கல். மண் அணையைத் தட்டி மட்டமாக்கியபோது மூடுண்டுபோனது. "கிணற்று மூலையிலிருந்து அந்த ஒற்றைப் பனையைப் பார்த்து நேரே நாற்பது அடி. என் நடை அடி" என்று சொல்லிவிட்டு, மாமா கிணற்றில் முதுகை வைத்து நின்று, உரக்க எண்ணிக்கொண்டு நடந்தார். மகள் பின்னால் கொப்பியோடு. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நின்றார். கத்தியால் சூரைமுள்ளை விலக்கினார். மண்வெட்டியால் கொத்தினேன். கல் இல்லை. இடப்பக்கம் கொத்தினேன், வலப்பக்கம் கொத்தினேன். எனக்கு மூச்சு வாங்கியது.

மாமா கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். பனையைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார்.

"அப்பா, கொஞ்சம் தள்ளிப் பார்ப்போமா?" என்று மனைவி மண்வெட்டியை என்னிடமிருந்து வாங்கினாள். பனைப் பக்கமாக முன்னே போய், அங்கங்கே தட்டினாள். ஓரிடத்தில் 'டங்' என்றது. நிலத்துக்கு ஒரு சாண் கீழே கல் இருந்தது.

யாரும் பேசவில்லை. மாமாதான் பேசினார். "கிணற்றுக் கட்டைப் பிறகு பெருப்பித்தோம் அல்லவா? அதில்தான் கணக்குப் பிசகியிருக்கிறது."

"அதுதான் அப்பா" என்றாள் மனைவி உடனே. கிணற்றுக் கட்டு ஒரு சாணுக்குமேல் பெருக்கவில்லை. அது கட்டப்பட்டபோது சீமெந்து குழைத்தவன் நான். மகள் கொப்பியில் அவர் சொன்னபடியே 40 என்று எழுதினாள். ஐந்தாவது கல்லை மாமா எண்ணாமலே கண்டுபிடித்தார்.

மூன்றாம் நாள், திங்கள்

இன்று கந்தோர் நாள். என்னென்ன பத்திரம் வேண்டும் என்று மாமா ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தார். றங்குப்பெட்டியின் அடியிலிருந்து காணி அனுமதிப்பத்திரம் வெளியே வந்தது.

இந்தப் பத்திரத்தின் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்குள்ள குடியேற்றக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. ஊரில் 'பெர்மிட் காணி' என்பார்கள். நினைத்தபடி விற்கவோ பிரிக்கவோ முடியாது. தனக்குப் பின் யாருக்கு என்று ஒருவரைப் பெயர் குறித்துப் பதிய வேண்டும்; அவரைப் பின்னுரித்தாளர் என்பார்கள். பெயர் குறிக்காமல் காலமாகிவிட்டால், நெடுங்காலமாக ஆண்பிள்ளைக்குத்தான் முன்னுரிமை இருந்தது. 2022இல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்த ஆண், பெண் பேதத்தை எடுத்துவிட்டார்கள். மாமா இதையெல்லாம் பத்திரிகையில் படித்து, வெட்டி, கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வைத்திருந்தார். சட்டம் மாறியதற்காக அவர் காத்திருக்கவில்லை. பெயரைக் குறித்தே வைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். "கனடாவிலிருந்து வேலி அடைக்க முடியாது" என்று மகனிடமே தொலைபேசியில் சொல்லிவிட்டாராம். மைத்துனரும் "சரி அப்பா" என்றிருக்கிறார். என் மனைவி மட்டும்தான் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் குசினிக்குள் போய் நின்றாள்.

கந்தோரில் எங்களைக் கவனித்தவர் ஓர் இளம்பெண். பொறுமையானவர். பத்திரத்தைக் கையில் வாங்கியவர் முன்னும் பின்னும் திருப்பினார். நகத்தால் மெதுவாகத் தட்டினார்.

"ஐயா, இதை லமினேட் செய்துவிட்டீர்களே!"

செய்துதான் இருந்தார். மாத்தளனில் தறப்பாளுக்குக் கீழே மழையில் நனைந்து, மாமியின் சேலைத் தலைப்புக்குள் முடிந்து வந்த தாள். முகாமிலிருந்து வெளியே வந்ததும் மாமா செய்த முதல் காரியம், வவுனியாவில் ஒரு கடையில் அதை பிளாஸ்டிக்குக்குள் போட்டு ஒட்டியது. இனி எந்த மழையும் ஒன்றும் செய்யாது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினாராம்.

"பின்னுரித்தாளர் விவரத்தை இதன் பின்புறத்தில்தான் எழுதி முத்திரை வைக்க வேண்டும். இதன்மேல் பேனா பிடிக்காது, ஐயா. முத்திரை வழுக்கும்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஷெல்லுக்குத் தப்பியது பிள்ளை. என்னிடம்தான் தப்பவில்லை."

அந்தப் பெண் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டதை நான் கண்டேன். மாமா சிரித்த பிறகுதான் அவரும் சிரித்தார். பதிவேட்டில் விவரம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதாகவும், இருந்தால் பிரதி எடுக்கலாம் என்றும், கிராம அலுவலரின் கடிதமும் சத்தியக் கடதாசியும் கொண்டு இரண்டு வாரத்தில் வரும்படியும் சொன்னார். பிறகு வாசல்வரை வந்து, "வீட்டில் பிளேடு வைத்துப் பிரித்துவிட வேண்டாம்" என்று எச்சரித்தார். என்னைப் பார்த்துச் சொன்னார். பிளேடு எடுக்கக்கூடிய ஆள் மாமி என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

திரும்பும் வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தும் நேரம். அரிவு வெட்டிய குரக்கன் தாளை ஒருவன் தீயிட்டானாம். எல்லாம் எரிந்து, ஓரிடம் மட்டும் எரியவில்லை. அங்கே லிங்கம் இருந்தது. அந்தத் தாளை, அதாவது ஒட்டைச் சுட்டதால் ஒட்டுசுட்டான். வேகாத இடம் என்பதால் இதற்கு வேகாவனம் என்றும் ஒரு பெயர். மாமி இந்தக் கதையை என் பிள்ளைகளுக்குச் சொல்வது இது ஐந்தாம் தடவையாக இருக்கும். மகன் பிரசாதத்திலேயே கண்ணாக இருந்தான். மாமா மட்டும் வாசலில் நின்று, பத்திரம் இருந்த பையை நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி ஒரு பிளேடோடு வந்தார். "மூலையில் கொஞ்சம் பார்க்கிறேன்." பார்த்தார். பிளாஸ்டிக்கோடு தாளும் மயிரிழை அளவு பிரிந்து வந்தது. பிளேடு வேலிக்கு அப்பால் பறந்தது. அரை மணி நேரம் இருவரும் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. பிறகு, இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டா இடியப்பமா என்ற கேள்வியில் சமாதானமானார்கள்.

புட்டு.

படுக்கப் போகுமுன் மனைவி வழமையான கேள்வியைக் கேட்டாள்: ஒரு ஆறு மாதம் கொழும்பில் வந்து இருந்தால் என்ன? மாமியும் வழமையான பதிலைச் சொன்னார்: "உங்கள் மாடி வீட்டில் கோழியை எங்கே அடைப்பது?" இம்முறை ஒரு புதிய வரி சேர்ந்தது. "இரண்டு வாரத்தில் கந்தோருக்கும் போக வேண்டும்."

தூரத்தில் யானை விரட்டும் வெடி இரண்டு கேட்டது. மகன் விழிக்கவில்லை. மனைவி விழித்துக்கொண்டாள், எழுந்து உட்கார்ந்து, யானைதான் என்று உறுதியான பிறகு படுத்தாள்.

நான்காம் நாள், செவ்வாய்

சுருக்கமாக எழுதுகிறேன், ரயிலில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

கொண்டுவந்தது இரண்டு பை, கொண்டுபோவது ஏழு. சிவப்பரிசி ஓர் உரப்பை. தேன், சோடாப் போத்தலில். முருங்கைக்காய்க் கட்டு. செத்தல் மிளகாய், காம்பு நீக்கியது. பருவம் முடியும் தறுவாயில் கிடைத்த பாலைப்பழம் ஒரு பேணி. அதைத் தின்று உதடு ஒட்டிக்கொண்டு மகன் மாங்குளம்வரை பேசவில்லை என்பது தனி நன்மை. முறிகண்டிக் கச்சானுக்கு அழுத பேரனுக்காக மாமி விடியப்புறம் எழுந்து மண்ணில் வறுத்த கச்சான். நாங்கள் வாங்கிப்போன பிஸ்கட் பெட்டியும் திரும்பி வருகிறது. "பிள்ளைகள் வழியில் சாப்பிடட்டும்."

மாமா சந்திவரை சைக்கிளில் வந்தார். பஸ் வரும்வரை பைகளை மூன்று தடவை எண்ணினார். மகளின் கொப்பி எங்கே இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார். பெயின்ட் டின்னில் மிச்சம் இருப்பதை என்ன செய்வது என்று நான் கேட்டேன். "அடுத்த மழைக்குப் பிறகு இன்னொரு பூச்சு" என்றார்.

புளியங்குளம் தாண்டும்போது தொலைபேசி அடித்தது. மாமா. கிணற்றடியிலிருந்துதான் கதைக்கிறார், தவளைச் சத்தம் கேட்கிறது. மூச்சும் கொஞ்சம் வாங்குகிறது.

"தம்பி, நாலாம் கல். கொப்பியில் நாற்பது என்று இருக்கிறது. நாற்பத்தாறு என்று திருத்தச் சொல்லுங்கள். இப்போதுதான் நடந்து பார்த்தேன்."

மகள் அழிரப்பரைத் தேடினாள், கிடைக்கவில்லை. 40ஐ ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் எழுதினாள்: '46. அம்மப்பாவின் அடி. 2025 ஆகஸ்ட்.'